அறுபது பல், இரண்டு பக்கம்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீ நலம் என்பதை உன் கடிதமே சொல்லிவிட்டதால் அதை விசாரித்து மை செலவழிக்கவில்லை. போனில் பேசலாமே என்பாய். போனில் சாப்பிட்டாயா என்பதைத் தாண்டி எனக்கு வாய் வருவதில்லை, அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் எழுத்தில்தான் வரவேண்டியிருக்கிறது. அப்பாவுக்குக் கை ஓய்ந்துவிட்டது, பட்டறையை விற்கப் போகிறார், ஆகவே மாதக் கடைசியில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். மூன்று தடவை பரீட்சை எழுதி வாங்கிய வேலை அது. எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இதை முழுக்கப் படி. ஏற்கெனவே கொடுத்துவிட்டாய் என்றால் ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து அப்புறம் படி.

நடந்தது இதுதான். பன்னிரண்டு வருடம் என்னோடு பட்டறையில் நின்ற நீ வேலைக்குப் போன பிறகு நாலைந்து மாதம் ரம்ப மெஷின் ஒழுங்காக ஓடியது. அப்புறம் அறுத்த மரத்தின் விளிம்பெல்லாம் கருக ஆரம்பித்தது. மரத்தைத் தள்ளினால் போகாமல் திணறியது, மோட்டார் முனகியது, பட்டறை முழுக்கக் கருகல் வாடை. பிளேடு மழுங்கிவிட்டது என்று கழற்றி அலமாரியில் போட்டுவிட்டு, நீ வாங்கி வைத்திருந்த புது பிளேடை மாட்டினேன். அது நாலு மாதம் வெண்ணெயை வெட்டுகிற மாதிரி வெட்டியது, பிறகு அதுவும் கருக்கியது. பிளேடை மாற்றியும் கருகுகிறது என்றால் கோளாறு பிளேடில் இல்லை, தள்ளுகிற கையில்தான் என்று முடிவுகட்டினேன். புதுசு என்பதால் நாலு மாதம் என் கையைப் பொறுத்துக்கொண்டது என்று அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தேன். ஒரு நாள் கட்டை ஒன்று எகிறி என் வயிற்றில் அடித்தது. பெல்ட்டின் பக்கிளில் பட்டதால் சேதம் பக்கிளுக்குத்தான். உன் அம்மா டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் என் கையை நீட்டச் சொல்லி அதன் மேல் ஒரு தாளை வைத்துப் பார்த்தார். தாள் குத்துக்கல் மாதிரி அசையாமல் இருந்தது. கை நல்லாத்தான் இருக்கு, போய் வேலையைப் பாருங்க என்றார். தச்சு வேலை தெரியாதவர் என்பதால் அவர் பேச்சை நான் எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்கு இருபது மேசை செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன், முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்கள். எனக்கு நடந்தது தலைகீழ். கூடம்தான் கோணல், நான் எனக்கு ஆட்டம் மறந்துவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பட்டறை விற்பனைக்கு என்று ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினேன். அந்தப் பலகையையும் அதே மெஷினில்தான் அறுத்தேன், நாலு பக்கமும் கருகி, கருமாதிப் பத்திரிகை மாதிரி கறுப்புக் கரை கட்டியிருந்தது. யாருக்கு என்ன ஆச்சு என்று துக்கம் விசாரிக்க இரண்டு பேர் வந்தார்கள். உன் தம்பி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான். அவன் இப்போது மீசை வைத்திருக்கிறான், அதைப் பார்த்து நானும் ஒன்றும் சொல்லவில்லை. போன மாதம் பதினெட்டாம் தேதி மெஷினைப் பார்க்க ஒருவர் வந்தார், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கதவு ஜன்னல் செய்கிறவர், என்னைவிடப் பத்து வயது சின்னவர் இருக்கும். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார், மேடையைத் தடவிப் பார்த்தார், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் குனிந்து பிளேடைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, அண்ணே, இந்தப் பிளேடைக் கழுவி எத்தனை நாளாச்சு என்று கேட்டார்.

பிளேடைக் கழுவுவதா என்று நான் சிரித்தேன். என் பிளேடில் பிசின் பிடிக்காது தம்பி, தள்ளுற கை நேரா இருந்தா பிசின் ஒட்ட இடமே கிடையாது என்றேன். நான் இதைப் பன்னிரண்டு வருடமாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். ஆணிக்கடையில் நின்றுகொண்டு எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். மனிதர் மரியாதை தெரிந்தவர். நகத்தால் ஒரு பல்லைச் சுரண்டிக் காட்டினார். பழுப்பாக, மெழுகு மாதிரி, தடியாக வந்தது. அதன் கீழே பல் கூராகத்தான் இருந்தது. மரத்தின் பிசின் சூட்டில் உருகிப் பல்லில் படிந்து இறுகிப் போயிருக்கிறது, பல்லுக்குப் பதில் பிசின் மரத்தை உரசி உரசிச் சூடேற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அப்போது உன் அம்மா வீட்டிலிருந்து வந்து நின்றாள். சனிக்கிழமை சனிக்கிழமை அவதானே கழுவுவா, அவ போனப்புறம் நீங்க கழுவறீங்கன்னுல்ல நினைச்சேன் என்றாள். வந்தவருக்கு எதிரில் மூக்கறுபட்டேன். அவர் மெஷின் எனக்கு வேண்டாம் அண்ணே, உங்களுக்கே வேணும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அதோடு முடியவில்லை. நீ போகும்போது எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டுப் போனாய் என்று உன் அம்மா சொன்னாள். அந்தத் தாளை நான் அப்போதே பார்த்தேன். ஜன்னல் அளவுகளை ஒட்டி வைக்க இடம் வேண்டியிருந்தது, அதனால் படிக்காமல் அதன் மேலேயே என் தாளை ஒட்டிவிட்டேன். பசை தாராளமாகப் போட்டேன். இப்போது வெந்நீரில் துணியை நனைத்து ஒற்றி ஒற்றி மேல் தாளை உரித்து எடுக்க அரை நாள் ஆனது. பிளக்கைப் பிடுங்காமல் கை வைக்காதே என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். வெதுவெதுப்பான தண்ணீரில் வாஷிங் சோடா ஒரு கை, கால் மணி நேரத்துக்கு மேல் ஊறக்கூடாது, இரும்பு பிரஷ் கூடாது, பல் தேய்க்கும் பழைய பிரஷ்தான், உடனே துடைத்து வெயிலில் காயவைத்து மெல்லிசாக எண்ணெய், பிளேடுக்கும் பிளேடுக்கும் நடுவே அட்டை, மாட்டும்போது பல் நம்மைப் பார்த்து இருக்க வேண்டும். எல்லாம் இருந்தது. இதுவரை யார் கழுவினார்கள் என்பது மட்டும் எங்கேயும் இல்லை. நானும் இரண்டு தடவை மேலிருந்து கீழே படித்துத் தேடினேன்.

கழுவினேன். உன் அம்மா துணி ஊறவைக்கும் தொட்டியைத்தான் எடுத்தேன், அதற்குத் தனியாகப் பேச்சு வாங்கினேன். பழைய பிரஷ் கிடைக்கவில்லை என்பதால் என்னுடையதைப் பழையது ஆக்கினேன். அறுபது பல், இரண்டு பக்கம், ஒவ்வொன்றாக. தண்ணீர் டீ நிறத்துக்கு வந்தது. அவசரத்தில் துடைக்காமல் போட்டுவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தேன், அதற்குள் நடுவில் துரு பூத்திருந்தது, அதையும் தேய்த்தேன். மாட்டி ஒரு தேக்குப் பலகையைத் தள்ளினேன். சத்தமே மாறிவிட்டது. விளிம்பு வெள்ளையாக, கை வைத்தால் வழுவழுவென்று வந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டு அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். கண்ணில் மரத்தூள் விழுந்துவிட்டதா என்று உன் அம்மா கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போய் மேசை வேலையைத் திரும்பக் கேட்டேன், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லையாம், கிடைத்துவிட்டது. வாசல் பலகையைக் கழற்றியாயிற்று.

ஆணிக்கடைக்கும் போனேன். இத்தனை வருடம் அங்கே பேசிய பேச்சை அங்கேதான் வாபஸ் வாங்க வேண்டும். என் கையால் இல்லை, என் மகள் கழுவியதால்தான் பிளேடு சுத்தமாக இருந்தது என்று நாலு பேர் நிற்கும்போதே சொன்னேன். கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், தெரியுமே அண்ணே, மாசாமாசம் உங்க பொண்ணுதானே சோடா வாங்கிட்டுப் போகும் என்றார். நின்ற நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கத்தினேன். அவள், நானும் அவகிட்ட அதைத்தான் கேட்டேன், அப்பா அப்படிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாரும்மா, அதைப் போய்க் கெடுப்பாங்களான்னு சொன்னா என்றாள்.

அத்தைக்கு முழங்கால் பரவாயில்லை, கடை வரை நடக்கிறாள். நீ காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டேன். அதை நிறுத்து, வெறும் வயிற்றோடு அளவு பார்த்தால் அளவு தப்பும், தச்சு வேலைக்கு மட்டுமில்லை, எந்த வேலைக்கும் அதுதான்.

இப்போது சனிக்கிழமை தோறும் நான்தான் கழுவுகிறேன். எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது, முடித்துக் கை கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். போன சனிக்கிழமை அப்படித் தனியாக உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் தோன்றியது. நீயும் சனிக்கிழமைகளில் தாமதமாகத்தான் வருவாய். வேலை முடிந்தும் எங்கே ஊர் சுற்றிவிட்டு வருகிறாய் என்று ஒவ்வொரு தடவையும் திட்டுவேன். நீ தட்டை எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிடுவாய். பன்னிரண்டு வருடத்துச் சனிக்கிழமைத் திட்டு அத்தனையும் தப்பு அம்மா. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைப் போனில் என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே என் கைக்காக நீ வரவேண்டாம், கை நன்றாக இருக்கிறது, டாக்டர் சொன்னது சரி. வேலையை விடாதே. நீ நோய்நொடி இல்லாமல், செய்கிற வேலைக்கு நல்ல பெயரோடு நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம். மறக்காமல் லீவு மட்டும் கேள். நடுவில் ஒரு சனிக்கிழமை வருகிற மாதிரி பார்த்துக் கேள். அன்றைக்கு நீ நேரத்துக்கு உட்கார்ந்து சாப்பிடு, நான் கழுவிவிட்டு வருகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா