ரோச் அலியாஸ் பேத்தை

5 மார்ச் 1973
வெட்கக்கேடு. மீனவர் சங்கத் தலைவர் தேர்தலுக்கு மனு கொடுக்கப் போனேன். தேர்தல் ஆபீசர் எஸ்றா, “ரோச்! ரோச்!” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். எவனோ செவிட்டுப் பயல் என்று சிரித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் உறைத்தது, அது நான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர். ஊரில் நான் பேத்தை – தொட்டால் வயிற்றை உப்பிக்கொள்ளும் மீன். என் தொந்திக்கு வேறு என்ன பெயர் பொருந்தும்?

6 மார்ச்
இப்போதைய தலைவர் விக்டர் இன்னும் இரண்டு ரோச்சுகளை நிறுத்தியிருக்கிறான். ஓட்டுச் சீட்டில் சின்னம் கிடையாது, பெயர் மட்டும்தான். மூன்று ரோச்! என் ஓட்டு மூன்றாகக் கிழியும். சங்கத்து நைலான் நூல் மறுபடியும் அவன் மச்சான்மாருக்கே போகும். வள்ளக்காரன் கிழிசல் வலையோடு கிடக்கணுமா? விடமாட்டேன்லே.

7 மார்ச்
“ஓட்டுச் சீட்டுல ரோச் அலியாஸ் பேத்தைன்னு போடுங்க சார்” என்றேன்.
எஸ்றா முகம் சுளித்தார். “அலியாஸா? அது போலீஸ்காரன் திருடனுக்குப் போடுத வார்த்தைவே.”
எங்கள் தெருவில் ரோச் என்று கூவினால் பாதிப் பேர் திரும்புவார்கள். அதற்குத்தானே ஆளுக்கொரு பட்டப்பெயர்?

8 மார்ச்
எங்கள் சர்ச்சின் பங்குச்சாமி ஜீவமணியிடம் அந்த வார்த்தையைப் பற்றிக் கேட்டேன். அது இங்கிலீஷ்காரன் பெற்ற பிள்ளையே இல்லையாம், லத்தீனாம். அலியுஸ் என்றால் வேறு. அதிலிருந்து அலியாஸ் – வேறு சமயத்தில், வேறு விதமாக. அந்தக் காலத்து இங்கிலாந்துக் கோர்ட்டில் ‘அலியாஸ் டிக்டுஸ்’, அதாவது ‘வேறு விதமாக அழைக்கப்படுகிறவன்’ என்று எழுதுவார்களாம்.
“முந்தி நாங்க முழங்கால்ல நின்னு கேட்ட பூசைப் பாஷையா சாமி? அதையா திருடனுக்குக் கொடுத்தாங்க?”
“கோர்ட்டுக்கு அவன்தான அதிகமா வாரான்” என்றார். சாமிக்கும் வாய் நீளம்.

10 மார்ச்
ஊரிலுள்ள ரோச்சுகள் அத்தனை பேரையும் எஸ்றாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். லத்தீனைச் சொன்னேன். எஸ்றா அசையவில்லை.
“சரி சார், ரோச்சைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்க.”
கூப்பிட்டார். அறை முழுக்க “நான்தான்! நான்தான்!” விக்டர் நிறுத்திய ரோச்சுகள் இரண்டு பேரும் கூட முண்டிக்கொண்டு வந்தார்கள்.
“எந்த ரோச்வே?” என்று கத்தினார்.
“அதைத்தான் சார் லத்தீன்ல சொல்லுதேன்.”
பேனாவை எடுத்தார். மூன்று பேருக்கும் அலியாஸ்!

18 மார்ச்
ஜெயித்தேன். “இனி தலைவர் பேத்தைன்னு கூப்பிடணுமா?” என்றாள் என் வீட்டுக்காரி பிளாரன்ஸ். “கூப்பிடுளா, ஊரே கேக்கட்டும்.”

21 மார்ச்
காலையில் வள்ளக்காரர்களுக்கு நூல் கொடுத்தோம். பிறகு சங்க வாசலில் பெயர்ப்பலகை மாட்டினோம். முழுப் பெயரும் எழுத இடம் வேண்டுமென்று நீளமான தேக்குப் பலகை கேட்டது நான்தான். ஆணி தாங்கவில்லை. பலகை என் வலது கால் பெருவிரலில் விழுந்தது. நகம் போயிற்று. எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.