வாசலில் தொங்கிய வாழைநார்

நான் அண்ணாந்தே பார்த்துப் பழகிய என் கோமு அக்காவுக்கு,

நினைவு நாளுக்கு எல்லாரும் செய்தித்தாளில் படம் போடுகிறார்கள். இந்த ஆண்டு எனக்குப் படம் போதவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஊராரும் கேட்டுக்கொண்டால் தவறில்லை என்று நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். புவியியல் வாத்தியாராக இருந்தவனுக்கு எல்லைக்கோடு போட்டுக்கொள்ளாமல் எதற்குள்ளும் நுழைய வராது. ஆகவே, இதில் வருபவை:

1. உன் மகள் அமுதா நலமாக இருக்கிறாள்.
2. துன்பப்பட்ட காலத்தில் அவள் யாரிடமும் உதவி கேட்கவில்லை.
3. ஆடித் தபசு நேரத்தில் உன் வீட்டு வாசலில் நான் கண்டது.
4. லைபீரியா என்ற நாட்டைப் பற்றி.
5. எனக்கு இன்னும் விளங்காத ஒன்று.

நலம் என்று சும்மா எழுதவில்லை. நேற்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். சொன்னேன். "ஒங்களுக்கு பிரஷருல்லா மாமா, அதான் போடல" என்று கண் சிமிட்டாமல் சொன்னாள். அவள் அப்படிப் பேசி நான் கேட்டு எத்தனை நாளாயிற்று!

நீ போன பிறகு அந்த வீட்டில் அவளும் அவள் புருஷன் முருகேசனும்தான் இருந்தார்கள். நீ பூக்கட்டியே எழுப்பிய வீடு. தறி ஓட்டுகிறவன், கோயிலுக்குத் தவறாமல் போகிறவன் என்று நீயே பார்த்துக் கட்டிவைத்த மாப்பிள்ளை. அவன் கை நீட்டுகிறான் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. ஒருமுறை அமுதாவின் கன்னம் வீங்கியிருந்தது. கேட்டேன். "கதவு இடிச்சிட்டு மாமா" என்றாள். அடுத்த முறை முழங்கை. அப்போதும் கதவுதான். உன் வீட்டுக் கதவை எனக்குத் தெரியும் அக்கா. அது அத்தனை பொல்லாத கதவு இல்லை.

தாய்மாமன் நான்தான் கேட்க வேண்டும். எந்த வார்த்தையில் தொடங்குவது, அவன் எதிர்த்துப் பேசினால் என்ன சொல்வது என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டே இருந்தேன். வரிசை முடியவில்லை.

தபசுத் திருவிழா தொடங்கியது. உனக்குத்தான் தெரியுமே, அந்த நாள்களில் நம் தெருவில் பூக்கூடை இறங்காத வீடு இருக்காது. ஒருநாள் காலையில் பேப்பர் வாங்கப் போனபோது, உன் வீட்டுக் கம்பிக் கதவில் ஒரு பிடி வாழைநார் தொங்கியது. ஊறவைத்து எடுத்த நார், தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாரை நிழலில்தானே வைப்பார்கள்? வெயில் பட்டால் முறுகி ஒடிந்துவிடும். விழா நேரத்தில் இப்படிப் பாழாக்குகிறாளே என்று அதை எடுத்து உள்ளே போடக் கை நீட்டினேன்.

எதிர்வீட்டு இசக்கியம்மாள் போட்ட சத்தத்தில் கை அப்படியே நின்றது. "அண்ணாச்சி, அதத் தொடாதிய!"

"காஞ்சிரும்லா?"

"காயட்டும். நீங்க ஒங்க சோலியப் பாத்துட்டுப் போங்க."

போய்விட்டேன். போகச் சொன்னால் போகிறவன்தானே நான்.

பேப்பரோடு திரும்பியபோது தெருவில் நடக்க இடமில்லை. உன் வாசலை அடைத்துப் பாய் விரித்திருந்தார்கள். பூக்கட்டும் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் கூடையோடு வந்து உட்கார்ந்து, மல்லிகையும் பிச்சியும் கட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அமுதா. அவள் உதடு கிழிந்திருந்தது. தலையைக் குனியவில்லை. கை மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கட்டி முடித்த சரத்தை அவர்கள் கூடையில் போடவில்லை. உன் வீட்டு நடைக்குக் குறுக்கே, வாழையிலையில் நீளமாகக் கிடத்திக்கொண்டே போனார்கள். அத்தனையும் அம்மனுக்குப் போகிற பூ.

உள்ளே முருகேசன். பின்வாசல் இல்லாத வீடு. சட்டை மாட்டிக்கொண்டு நடை வரைக்கும் வந்து நின்றான்.

"அத்தே, தறிக்கு நேரமாவுது. வழி விடுங்க."

இசக்கி நிமிரவே இல்லை. "யாரு மாப்ளே மறிச்சா? பூதான் கெடக்கு. தாண்டிப் போயிக்கிடும்."

"அம்மனுக்குப் போற பூவ தாண்டச் சொல்லுதியளா?"

"பொண்டாட்டிய மிதிக்கையில கூசாத காலு, பூவப் பாத்தா மட்டும் கூசுதோ?"

யாரோ சிரித்தார்கள். பிறகு மறுபடி நாரைக் கிழிக்கத் தொடங்கினார்கள். அவன் ஒரு காலைத் தூக்கினான். அவன் அந்தக் காலைத் திரும்ப உள்ளேயே வைத்தான்.

சற்று நேரத்தில் தெருப் பெரியவர்கள் இருவர் சமாதானம் பேச வந்து, வழக்கம்போல நாற்காலி கேட்டார்கள். "நாக்காலி இல்ல அண்ணாச்சி" என்றாள் இசக்கி. "பாயில எடம் இருக்கு. ஆனா உக்காந்தா நாரு கிழிச்சுத் தரணும்." அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று இன்றும் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த ஆமினா, கடையநல்லூரிலிருந்து நம் தெருவுக்கு வாழ வந்தவள், நார் உரிக்கிற வாழைமட்டை ஒன்றை என் மடியில் போட்டாள். "இம்புட்டுத் தடியா கிழிச்சா பூவு கட்டவா, மாடு கட்டவா?" என்று கேட்டாள்.

அக்கா, அப்போது உன்னை நினைத்தேன். ராயகிரியில் வாக்கப்பட்டு, ஒருநாள் ஒரு பையோடு நீ திரும்பி வந்தாய். நம் கூடத்தில் நாற்காலிகள் போட்டார்கள். நீ அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றாய். கடைசியில் "சமாதானம் ஆயிட்டு" என்று எழுந்தார்கள். உனக்குப் பூ வைத்து ராயகிரிக்கே அனுப்பினார்கள். நீ இங்கே திரும்பி வந்து வீடு எழுப்பியது பல வருஷம் கழித்துத்தான். நீ ஏதும் சொன்னதாக ஞாபகம் இல்லை. உன்னை யாரும் கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

இங்கே அமுதா பேசினாள். எல்லாருக்கும் கேட்கும்படி, கட்டிக்கொண்டே பேசினாள்.

"இது எங்கம்மா வீடு. அவுக இதுல இருக்கக் கூடாது. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப் போறேன். அதுல பேச்சுக்கு எடமில்ல. மத்தது என்ன பேசணுமோ, நான் இருக்கையில, என்னய வச்சுப் பேசுங்க."

பெரியவர்களில் ஒருவர், "ஏட்டி, கோவத்துல சொல்லாத" என்றார்.

"கோவம் போன வருசமே தீந்துட்டு பெரியப்பா. இது யோசிச்சுச் சொல்லுதேன்."

முருகேசன் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் அண்ணன் பனவடலிசத்திரத்தில் இருக்கிறான். அங்கே போவதாகச் சொன்னான். அப்போது பெண்கள் குனிந்து நடையில் கிடந்த சரங்களை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார்கள். வழி திறந்தது. அவன் போனான். அன்றைக்கே அமுதாவை மகளிர் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போனார்கள். பூ நேரத்துக்குக் கோயில் போய்ச் சேர்ந்தது.

தபசன்று அம்மன் சப்பரத்தைப் பார்த்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சரியா தெரியவில்லை. சிவனா பெருமாளா பெரியவர் என்ற சண்டை தீர, கோமதி அம்மன் நின்ற தவம் அல்லவா அது? ஒரு பெண் நடத்திவைத்த சமாதானத்துக்கு இந்த ஊரில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். அதை அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லையே, ஏன்?

இனி லைபீரியா. வரும் நவம்பரில், பெண்கள் மீதான வன்முறையை ஒழிக்க உலகமெங்கும் கூட்டம் நடத்துகிற நாள்களில், சென்னையில் ஒரு கூட்டம். பல நாட்டுப் பெண்கள் வருகிறார்கள். நம் தெருவிலிருந்து அமுதாவையும் இசக்கியையும் பேச அழைத்திருக்கிறார்கள். அதற்காக வந்த சிறு புத்தகத்தைப் படித்துச் சொல்லும் வேலை எனக்கு.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் லைபீரியா எங்கே இருக்கிறது என்று எத்தனை வகுப்புகளுக்குச் சுட்டிக்காட்டியிருப்பேன்! அங்கே பெண்கள் என்ன செய்தார்கள் என்று இந்தப் புத்தகம் வரும்வரை எனக்குத் தெரியாது. பல ஆண்டு உள்நாட்டுப் போர். பெண்கள் வெள்ளை உடுத்தி, மீன் சந்தைக்குப் பக்கத்தில், வெயிலிலும் மழையிலும் நாள்தோறும் உட்கார்ந்திருக்கிறார்கள். கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து. சமாதானப் பேச்சு இழுத்துக்கொண்டே போனபோது, அது நடந்த மண்டபத்துக்கே போய், வாசலை மறித்து, முடிவு காணாமல் யாரும் வெளியே போகக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டார்கள். போர் முடிந்தது.

வாசல், அக்கா! எந்தக் கடலுக்கு அப்பால்! இவர்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கு இவர்களைத் தெரியாது. பூக்கட்டும் பெண்களுக்குப் படித்துச் சொல்லிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். ஆமினாதான் கேட்டாள்.

"அவுகளும் பூக்கட்டுதவுகளா அண்ணாச்சி?"

"இல்ல. மீன் சந்தைப் பக்கம்."

"அப்ப கையில வேல ஒண்ணும் இல்லாமலா அத்தன நாளு உக்காந்தாவ? பாவம், எவ்வளவு செரமம்!"

போரை முடிக்கப் பேசும் இடத்தில் பெண்களும் உட்கார வேண்டும் என்று உலக நாடுகள் கூடித் தீர்மானம் போட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறதாம். அதையும் வாசித்தேன். "உக்காரச் சொல்ல ஒரு தீர்மானமா?" என்று இசக்கி கேட்டாள். பிறகு, சென்னையில் பூ கிடைக்குமா, சும்மா கையைக் கட்டிக்கொண்டு எப்படிக் கூட்டத்தில் இருப்பது என்று கவலைப்பட ஆரம்பித்துவிட்டாள்.

ஐந்தாவது: பூவைத் தாண்டக் கூசிய அந்தக் கால். அதே கால்தானே அவளையும் உதைத்தது? பூவுக்கு இருந்த பயம் அவளுக்கு ஏன் இல்லாமல் போயிற்று? எவ்வளவு யோசித்தும் எனக்கு எட்டவில்லை. உனக்குத் தெரிந்திருக்குமோ?

இதுவரை எழுதி அமுதாவிடம் காட்டினேன். படித்தாள். "மாமா, ரெண்டாவது தப்பு" என்றாள்.

"எழுத்துப் பிழையா?"

"இல்ல. யார்ட்டயும் கேக்கலன்னு எழுதிருக்கிய. நான் கேட்டேன். அந்த நார வாசல்ல போட்டது யாருங்கிய? வாய் தொறந்து சொல்ல முடியாதவ நனஞ்ச நார வெயில்ல போடணும், பாத்தவ கூடையத் தூக்கிட்டு வந்துரணும், காரணம் கேக்கக் கூடாது. அம்மா இருக்கையில இது கெடையாது; பொறவு நாங்க பேசி வச்சது. அத நீங்க உள்ள எடுத்து வைக்கப் பாத்திய. இசக்கி அத்தைக்கு உசிரே போயிட்டாம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். உன் சிரிப்பு.

ஆகவே அக்கா, என் இரண்டாவது குறிப்பு தவறு. அதை அடிக்காமல் விட்டிருக்கிறேன், என் தவறு என் பெயரிலேயே இருக்கட்டும். உன் மகள் கேட்டாள். என் கண்ணெதிரே, சொட்டச் சொட்டக் கேட்டாள். ராயகிரியில் உன் வாசலில் தொங்கவிட உனக்கு ஒரு பிடி நார் இல்லையே என்றுதான் எனக்கு இப்போது இருக்கிறது.

ஒரு வாக்குத் தருகிறேன். காலையில் நான் நடக்கிற தெருக்களில் ஒவ்வொரு கதவையும் பார்த்துக்கொண்டே நடப்பேன். எங்காவது ஈரநார் தொங்கினால் தொடமாட்டேன். நேரே இசக்கி வீட்டு வாசலில் போய் நின்று, என்னால் முடிந்த மட்டும் சத்தமாகக் கூப்பிடுவேன். பிறகு பாயில் உட்கார்ந்து நார் கிழிப்பேன். மெல்லிசாகக் கிழிக்க இப்போது வருகிறது.

உனக்குப் பின்னால் பிறந்து, உன் மகளிடம் படித்துக்கொண்டிருக்கும்
உன் தம்பி
சங்கரன்
சங்கரன்கோவில்