வாசலில் வைத்த பிர்ச்சு

அக்கா,

காலையில் ஐஸ் தட்டை எடுத்துத் தட்டினேன். கட்டிகள் கிண்ணத்தில் விழுந்த சத்தத்தில், "எனக்கு ரெண்டு போடு, செடி வாடுது" என்று நீங்கள் பின்னால் நின்று கேட்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு, இரண்டு வீடும் ஒரே வாசலுமாக எத்தனை காலம் இருந்தோம்! அதில் மண்ணள்ளிப் போடப் பார்த்தது உங்கள் மரம்தான். சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் இருக்கும் உங்கள் மகன், பனிமலையும் வெள்ளைத்தண்டு மரங்களும் அச்சடித்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். உங்களுக்கு அந்த மரம் வேண்டும். குட்டையாகவே நிற்கிற ஜாதி மலைமேல் நர்சரியில் கிடைக்கும் என்று அவன் சொன்னதும், நான் மிக்சி ஓட்டுகிற நேரமாகப் பார்த்து வந்து கத்தினீர்கள்: "சின்னவளே, நம்ம வாசல்ல பிர்ச்சு வைக்கப் போறோம்!"

என் காதில் விழுந்தது, "பிரிச்சு வைக்கப் போறோம்."

மிக்சியை நிறுத்தினேன். வாசலில் பொதுவாகத் தண்ணீர் பிடிக்கிற என் அம்மா வீட்டு அண்டாவை உருட்டிக்கொண்டுபோய் உள்ளே வைத்தேன். "பாத்தியா, பங்கு கேக்கா" என்று மகனிடம் சொல்லி, உங்கள் ஆட்டுரலைத் தூக்க நீங்கள் ஆள் கூப்பிட்டீர்கள். ஆட்டோவில் செடி வந்து இறங்குகிறவரை நமக்குள் பேச்சில்லை.

"இதான் பிர்ச்சு."

"மரத்துக்குப் பேரா அது?"

"பின்ன, மாப்பிள்ளைக்குப் பேரா?"

வந்ததோ பழுப்பாக ஒரு குச்சி. வெள்ளை எங்கே என்று கேட்டேன். "வளந்தா வெளுக்கும். நீ பிறக்கும்போதே நரைச்ச தலையோடவா பிறந்த?" என்றீர்கள், என் சம்பந்தியம்மா முன்னால். மறந்திருப்பேன் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு படிகளுக்கும் நடுவில் நிழல் பார்த்து நட்டு, வேர் சுடாமல் ஈரச்சாக்குச் சுற்றி, மேலே ஐஸ் வைத்தீர்கள். வெடி கம்பெனி வேனிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்து, "செடிக்குக் காய்ச்சலாக்கா?" என்று கேட்டார்கள்.

"ஆமா, நீங்க வேணா வந்து ஊசி போடுங்க!"

அத்தனையும் என் வீட்டு ஐஸ்.

நீங்கள் போய்ச்சேர்ந்தபின் நானும் ஐஸ் வைத்துப் பார்த்தேன். சித்திரை வெயிலில் பட்டுப்போயிற்று. "பிடுங்கிறட்டுமா சித்தி? நடுவுல ஒரு சுவரு வச்சா அவுகவுக வண்டிய நிறுத்தத் தோதா இருக்கும்" என்றான் உங்கள் மகன்.

"ஒங்காத்தா வச்சது. தொட்டுப் பாரு, தெரியும் சேதி."

போய்விட்டான். குச்சி வெயிலில் வெளுத்து நிற்கிறது. வாசல் ஒன்றாகவே கிடக்கிறது. உங்கள் பாதியையும் சேர்த்துத் தினமும் நான் ஒருத்தியே பெருக்குகிறேன். அந்தக் கோபமும் எனக்கு இருக்கிறது, அக்கா.