இணைச்சீருக்கு இருபது நிமிடம்

உ

சிங்காநல்லூர்
2.3.1999

அன்புத் தம்பி கதிர்வேலுக்கு அக்கா சாந்தாமணி எழுதுவது. நானும் பிள்ளை கிருபாசங்கரும் சுகம். மஸ்கட்டில் நீயும் ராமாமணியும் வர்ஷினிக் குட்டியும் சுகமாயிருக்கச் சென்னிமலையான் துணை.

முதலில் திட்டிவிடாதே. நீ என்னிடம் விட்டுப்போன கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டேன்! திறந்தது மட்டுமா, பழைய போர்டைக் கழற்றிவிட்டுப் பென்டியம் போட்டாயிற்று. ராம் மெமரி இப்போது அறுபத்து நாலு எம்.பி. புது ஹார்ட் டிஸ்க், சிடி எழுதும் டிரைவ், கேசட்டில் ஓடும் படத்தை உள்ளே இழுக்க ஒரு கார்டு. உன்னுடையது என்று மிச்சமிருப்பது வெளிப்பெட்டியும் கீபோர்டும்தான். உன் மச்சான் தவறிய பிறகு ஐந்து வருஷமாக இதில் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்துத்தான் நானும் கிருபாவும் சாப்பிடுகிறோம். அதையே பிரித்துப்போட எனக்கு எத்தனை துணிச்சல் பார்!

எல்லாம் உன் கல்யாண கேசட்டுக்காக. போன மழையில் அதில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பிடித்துவிட்டது. முழுசாகப் போவதற்குள் சிடி ஆக்கிவிட வேண்டும்.

ஒரு கூத்து கேள். வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புது போர்டை மாட்டினேன். நல்ல காரியமாயிற்றே என்று சந்தனம் குழைத்து மூன்று பொட்டு, மேலே குங்குமம். ஸ்விட்சைப் போட்டால் பீப் பீப் என்று ஒரே கத்தல், திரையில் ஒன்றுமில்லை. சாமான் விற்ற பீர் முகம்மது காந்திபுரத்திலிருந்து வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க அம்மணி, பொட்டு வெக்கறதுன்னா பொட்டி மேல வெக்கக் கூடாதுங்களா? ராம் மாட்டற சந்துலயே சந்தனத்த அப்பிப்போட்டீங்களே!"

பல் தேய்க்கும் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் நனைத்து அரை நாள் துடைத்தோம். அப்புறம் ஓடியது பார், சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்!

இனி உன்னிடம் ஒரு கேள்வி. பூஞ்சை பிடித்த கேசட், அதை ஓட்டும் டெக்கின் ஹெட்டைக் கெடுத்துவிடும் என்று யாரும் டெக் தருவதில்லை. உன் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்த பாலகோபால்தான், கழித்துக்கட்டப்போகும் டெக் ஒன்றை 28ஆம் தேதி ஞாயிறு தருகிறார். அது அரை மணி ஓடினாலே பெரிது. ஹார்ட் டிஸ்கிலும் இருபது நிமிடத்துக்குத்தான் இடம். ஆக, மூன்று மணி நேரக் கல்யாணத்தில் இருபது நிமிடம்தான் நமக்கு. எனக்கு, தாலிக்கு முன்னால் அக்காளும் தம்பியுமாக நாம் சேர்ந்து நின்ற இணைச்சீர் வேண்டும். காரணத்தை நேரில் சொல்கிறேன். உனக்கு எது வேண்டும்? உன் கல்யாணம், உன் பெட்டி. நீ சொல்வதுதான்.

பாசமுள்ள அக்கா,
சாந்தாமணி

•

மஸ்கட்
14.3.1999

அன்பும் மரியாதையும் கொண்ட அக்காவுக்கு,

சந்தனம் பூசிய கதையை ராமாமணியிடம் படித்துக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரித்து வயிறு வலித்துவிட்டது. பென்டியம் போடுகிற அக்கா இங்கே யாருக்கும் இல்லை என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லித் திரிகிறேன்.

ஆனால் அக்கா, இணைச்சீர் வேண்டாம். தாலி கட்டுவதை எடுங்கள்.

இதற்குமேல் எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதாமலும் முடியவில்லை. இணைச்சீரில் நீங்களும் நானும் சேர்ந்து நின்றபோது, "உனக்குப் பொண்ணு பொறந்தா எம் பையனுக்குத்தான் குடுக்கோணும் கண்ணு" என்றீர்கள். சுற்றி நின்றவர்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். "குடுக்கறனுங்க அக்கா" என்றேன். வர்ஷினிக்கு இப்போது எட்டு வயது. அவள் பெரியவளாகி யாரைக் கட்டுவாள் என்று நான் அன்றைக்கே வாக்குக் கொடுத்தது தப்பு. சொந்தத்தில் வேண்டாம் என்று டாக்டரும் சொல்கிறார். கிருபா நன்றாகப் படிக்கிறான் என்று நீங்கள் எழுதும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது. போன லீவில் அவிநாசியில் மாமனார் வீட்டோடு திரும்பிவிட்டேனே, வேலை என்றது பொய். உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் வரவில்லை.

அந்தப் பேச்சைச் சாட்சியாக வைக்கத்தான் இணைச்சீரைக் கேட்கிறீர்களா? கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
கதிர்வேல்

•

உ

சிங்காநல்லூர்
31.3.1999

அன்புத் தம்பி கதிருக்கு,

உன் கடிதம் 26ஆம் தேதி வந்தது. கோபம் வராமல் என்ன? அவிநாசிக்கும் சிங்காநல்லூருக்கும் எத்தனை தூரம் என்று நினைத்தாய்? அன்று முழுக்க ஒரு பத்திரிகைகூட டைப் அடிக்கவில்லை. நீ சொல்வதுதான் என்று எழுதியவள், உன் பேச்சை மீறி இணைச்சீரைத்தான் எடுத்தேன். ஏனென்று இப்போது எழுதிவிடுகிறேன்.

உன் கல்யாணத்தில் உன் மச்சான் பந்தியை விட்டு நகரவே இல்லை. நான் சீருக்கு நிற்க வேண்டும், கிருபா இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். அதற்காக அவர் ஓடிவந்து பிள்ளையை வாங்கிக்கொண்டார். மூன்று மணி நேரக் கேசட்டில் அவர் வருவது அந்த ஒரே இடத்தில்தான். எங்கள் கல்யாணத்துக்கு ஏது வீடியோ? என்னிடம் இருப்பதெல்லாம் போட்டோ. அவர் நடந்து நான் பார்த்து ஐந்து வருஷமாயிற்று, கதிர்.

ஞாயிறு காலை பத்தரைக்கு ஓடவிட்டோம். ஓடுகிறது, ஓடுகிறது, நான் கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறேன். திரையில் பனி பெய்கிற மாதிரி புள்ளிகள். பதினேழாம் நிமிடம் ஹெட் போய்விட்டது. அதற்குள் வந்துவிட்டார்! கையில் சாம்பார்க் கரண்டியோடு வந்து, அதை வீடியோ எடுக்கும் பாலகோபாலிடமே நீட்டிவிட்டுப் பிள்ளையை வாங்குகிறார். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். அப்பா இத்தனை உயரமா என்றான் கிருபா. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தான்.

உன் சாட்சிக்கு வருகிறேன். மேளச் சத்தத்தில் ஒரு பேச்சும் கேட்கவில்லை. உன் வாய் அசைகிறது, அவ்வளவுதான். கேட்டிருந்தாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்க மாட்டேன். சீரென்றால் அப்படிக் கேட்பது வழக்கம் என்று கேட்டேன். உன்னை ஒன்பது வருஷம் பயமுறுத்தும் என்று தெரிந்திருந்தால் வாயையே திறந்திருக்க மாட்டேன். வாக்கைத் திருப்பித் தந்துவிட்டேன், எடுத்துக்கொள். வர்ஷினி அவளுக்குப் பிடித்தவனைக் கட்டட்டும், நான் முன்னால் நின்று சீர் செய்கிறேன். அடுத்த லீவில் நேராக இங்கே வா.

சிடி இதோடு வருகிறது. ஒரே ஒரு குறை. பிள்ளையை வாங்கிக்கொண்டு என்னைக் காட்டி அவன் காதில் உன் மச்சான் ஏதோ சொல்கிறார். நான் திரும்பி நின்றிருந்தேன். நீ சிரிக்கிறாய். மூன்று நாளாக அவர் வாயையே பார்க்கிறேன், பிடிபடவில்லை. உனக்கு ஞாபகம் இருந்தால் எழுது.

உன் அக்கா,
சாந்தாமணி

•

மஸ்கட்
12.4.1999

அன்புள்ள அக்காவுக்கு,

சிடி பத்திரமாக வந்தது. நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டோம். மாமா யாரென்று வர்ஷினிக்குக் காட்டினேன். மே மாதம் பத்தாம் தேதி டிக்கெட் போட்டுவிட்டேன். ஏர்போர்ட்டிலிருந்து நேராகச் சிங்காநல்லூர்தான். அங்கே வந்து நீங்கள் எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன்.

மச்சான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் சிரித்ததற்குத்தான் சீர் செய்துவைத்த அருமைக்காரர் எல்லார் முன்னாலும் என்னை அதட்டினார். மச்சான் கிருபாவின் காதில் சொன்னது:

"அங்க பாரு கண்ணு, மாப்பிள்ளைய ஆரு பாக்கறாங்க? எல்லாரும் உங்கம்மாவத்தான் பாக்கறாங்க. நானுந்தான்."

இதைத்தான் சொன்னார், அக்கா. உங்களுக்கும் கேட்டிருக்கும் என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

தம்பி,
கதிர்வேல்