வேர்வைக்குச் சுனாமி என்று பெயர் வைத்தவர்கள்

என் கண்ணான ராத்தாவுக்கு,

கபுறில் அடங்கி இருப்பவர்களுக்கும் ஸலாம் சொல்ல வேண்டும் என்று உம்மா ராத்தா தங்கச்சி நம் இரண்டு பேருக்கும் சொல்லித் தந்திருக்கிறார். முதலில் அதை வைத்துக்கொள். நம் ஊரில் பெண்கள் மையவாடிக்குள் போவதில்லை. போனாலும் உன்னை எந்த இடத்தில் தேடுவது? கடல் வந்த அன்றைக்கு அடக்கியவர்களுக்கே யாரை எங்கே வைத்தோம் என்று தெரியாது. அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன், ஊரில் நாலு பேர் படிக்கட்டும்.

ஊர்ப் புதினம் கேள். இத்தனை வருஷமாக நடந்த சண்டை முடிந்துவிட்டது. ரேடியோவில் சொன்ன அன்று சந்தியில் சிலர் பட்டாசு கொளுத்தினார்கள். பக்கத்துத் தமிழ்த் தெருவில் கதவுகள் சாத்தியே கிடந்தன. எந்த முகத்தோடு வாசலில் நிற்பது என்று தெரியாமல் நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். உன் மூத்த மகளுக்கு அக்கரைப்பற்றில் மாப்பிள்ளை பேசி முடித்தாயிற்று. தொண்டு நிறுவனம் கட்டித்தந்த வீட்டைத்தான் அவள் பெயருக்குச் சீதனமாக எழுதினோம். நீ போகும்போது உனக்கு நாற்பத்தெட்டு. எனக்கு இப்போது ஐம்பது, உன்னைவிட மூத்தவளாகிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது வேறு. எனக்கு உடம்பில் ஒரு வருத்தம் வந்தது ராத்தா. கடல் வந்துபோய் இரண்டு வருஷத்துக்குப் பிறகு தொடங்கியது. நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, முகம், உச்சந்தலை என்று ஏறும். அபாயாவுக்குள் உடம்பு தெப்பமாக நனையும். நித்திரை இல்லை. சும்மா இருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஓ.எல். வகுப்புக்குக் கணிதம் படிப்பிக்கிற நான், கரும்பலகைக்கு முன்னால் சோக்கட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரி என்ன என்று தெரியாமல் நின்றேன். பிள்ளைகள் ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

எல்லாரும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார்கள். சுனாமிப் பயம். ராத்தாவைப் பறிகொடுத்த தங்கச்சி, வேறென்ன? மனசுக்கு ஆலோசனை சொல்ல ஜீப்பில் வந்த உளவளத்துணைக்காரப் பிள்ளை கலர் பென்சிலைத் தந்து கடலை வரையச் சொன்னாள். வரைந்தேன், நன்றாகவே வரைந்தேன், வேர்வை மட்டும் நிற்கவில்லை. டிஸ்பென்சரியில் நித்திரைக் குளிசை தந்தார்கள். மௌலவி தண்ணீர் ஓதித் தந்தார், அதையும் குடித்தேன். அவரைக் குறை சொல்லமாட்டேன், நல்ல மனுஷன். ஆனால் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் நாற்பத்தைந்து தாண்டிய எந்தப் பெண்ணுக்கு வேர்த்தாலும் அதற்குச் சுனாமி என்றுதான் பெயர். இப்படி ஒரு கூத்து வேறெந்த ஊரிலாவது நடக்குமா?

என் பிள்ளைகளின் வாப்பா பள்ளிக்கூட அதிபரோடு கதைத்துவிட்டு வந்தார். மெடிக்கல் போர்டுக்குப் போனால் மனஅதிர்ச்சி என்று எழுதித் தருவார்களாம், அதைக் காட்டி நேரத்தோடே பென்சன் எடுக்கலாமாம்.

"வீட்டுல இரி புள்ள. சுனாமி உன்ன இன்னும் விடல்ல. கிளாசுல நீ விழுந்து கிடந்தா யாரு தூக்குற?"

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. படிப்பிக்காமல் நான் என்ன செய்வேன்? புத்தி பேதலித்த டீச்சர் என்று பெயர் வாங்கிக்கொண்டு வாசலில் கோழி துரத்தவா?

போர்டுக்குப் போகுமுன் ஒருமுறை பெண் டொக்டர் ஒருவரிடம் காட்டுவோம் என்று தனியாக பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போனேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, என்னைவிட இளையவர். நான் உட்கார்ந்ததும் சுனாமியில் தொடங்கினேன். பழக்கம் அப்படி. அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது இருக்கட்டும் டீச்சர். மாதவிலக்கு ஒழுங்கா வருதோ?"

இத்தனை பேரில் ஒருத்தர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகக் குழம்பி, ஏழெட்டு மாதமாக வரவே இல்லை. அதையும் அதிர்ச்சியின் கணக்கில்தான் நான் போட்டு வைத்திருந்தேன்.

"உங்கட அம்மா, அக்காமார் ஆருக்கும் இந்த வயசில இப்பிடி இருந்ததோ?"

"ராத்தாவுக்கு இருந்த. அடுப்படியில நிண்டுட்டு அப்பிடியே வாசலுக்கு ஓடுவா. மார்கழி மழையிலயும் பேனப் போடச் சொல்லுவா. ராவெல்லாம் முழிச்சிக்கிட்டு இரிப்பா."

"அவவுக்கும் சுனாமிக்குப் பிறகுதானோ?"

"இல்ல. ராத்தா சுனாமியில மவுத்து. அதுக்கு முன்னால..."

அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. உனக்கு வந்தது கடல் வருவதற்கு முன்னால், ராத்தா. பயப்பட ஒரு அலையும் இல்லாத காலத்தில் நீ அப்படி வேர்த்தாய். அந்த மேசையின் முன்னால் அழுதேன். துக்கத்தில் அழுதேனா, ஆத்திரத்தில் அழுதேனா? இன்னும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அந்த டொக்டர் எதையும் மறைக்கவில்லை. குடும்பத்தில் மார்புப் புற்றுநோய் இருக்கிறதா, காலில் இரத்தம் கட்டியதுண்டா என்று கேட்டார், பிரசர் பார்த்தார், சோதித்தார். உடம்பில் குறைகிற ஹோர்மோனைக் குளிசையாகக் கொடுக்கலாம், ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது, ஆபத்தும் கொஞ்சம் உண்டு, சொன்ன தவணைக்கு வந்து காட்ட வேண்டும் என்றார். மாதாமாதம் இரத்தம் திரும்பவும் படலாம் என்றும் சொன்னார். யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன்.

பெண்களுக்குச் செய்தி போக எவ்வளவு நேரம்? மதினி, அவர்தான் பிள்ளைகளின் வாப்பாவுடைய மூத்த ராத்தா, வந்து கதிரையில் குந்தினார்.

"அல்லாஹ் நிப்பாட்டினத நீ ஏன்கா திறக்காய்? கிழவியாகிற வயசுல குமரி மாதிரிக் குளிசையா? கென்சர் வருமாம், கேள்விப்படல்லயா?"

"கென்சரப் பத்தி டொக்டர் சொன்ன மதினி, கேட்டுட்டுத்தான் எடுக்கன். நீங்க ஹஜ்ஜுக்குப் போகக்குள்ள கஃபாவச் சுத்துற தவாபு தவறிரும் எண்டு, அந்த நாளத் தள்ளிப் போடக் குளிசை போட்டீங்களே, அது என்ன குளிசை?"

"அது இபாதத்துக்கு, வணக்கத்துக்கு எடுத்த."

"அதுவும் ஹோர்மோன்தான். அல்லாஹ் அனுப்பினத நீங்க நிப்பாட்டலாம், நான் நித்திரை கொள்ள எடுத்தா மட்டும் குத்தமா?"

மதினி தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போனார். நீ இருந்திருந்தால் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துச் சிரித்திருப்பாய்.

டொக்டர் சொன்னபடியே நோன்பு மாதத்தில் இரத்தம் பட்டது, அந்த நாட்களில் நோன்பு பிடிக்கக் கூடாதே. அந்த வருஷம் முப்பதும் முழுசாகப் பிடிப்பாள் என்று நினைத்தவர்கள், நான் பகலில் தண்ணீர் குடித்ததைக் கண்டு கிசுகிசுத்தார்கள். கிசுகிசுக்கட்டும். விட்ட நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு திரும்பப் பிடித்துக் களாச் செய்தேன். சின்ன வயதிலிருந்து செய்து பழகியதுதானே, எனக்கென்ன புதிதா?

இப்போது நித்திரை கொள்கிறேன். அந்தச் சூடு எப்போதாவது எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். கரும்பலகையில் வரி தப்பவில்லை. மெடிக்கல் போர்டுக்கு வரமாட்டேன் என்று அதிபரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். இந்த வீடு உம்மா எனக்குத் தந்த வீடு, இந்த வேலை நான் படித்து எடுத்த வேலை, இந்த உடம்பு அல்லாஹ் எனக்குத் தந்தது. மூன்றையும் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும்.

ஒன்றை உன்னிடம் சொல்லியே ஆகவேண்டும். குளிசை போட்ட பிறகும் உன்னை நினைத்து அழுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கடல் வந்த அந்த நேரம் வந்தால் கை வேலையை விட்டுவிடுகிறது. வேர்வை நின்ற பிறகும் இது நிற்கவில்லை. இது என் துக்கம், இதற்கு மருந்து கேட்டு நான் எவரிடமும் போகமாட்டேன். என் உடம்பின் வருத்தத்தையும் இதையும் ஒன்றாகக் கட்டி வைத்தவர்கள் இரண்டையுமே எனக்கு இல்லாமல் செய்யப் பார்த்தார்கள்.

பெண்கள் இப்போது வருகிறார்கள் ராத்தா. பின்வாசலால் வந்து, குரலைத் தாழ்த்தி, அந்தக் குளிசை என்னவென்று கேட்கிறார்கள். என் பெட்டியிலிருந்து ஒன்றையும் எடுத்துக் கொடுப்பதில்லை, டொக்டரிடம் போ என்கிறேன். மார்பில் கட்டி எடுத்த ஒருத்திக்கு அது கூடாது என்று டொக்டர் வேறு வழி சொல்லி அனுப்பினார். இன்னொருத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எனக்கு வேணாங்கா, நான் தாங்கிக்குவன்" என்றாள். சரி என்றேன். தெரிந்துகொண்டு வேண்டாம் என்பதும் நல்லதுதான்.

கடல் வந்து நாளையோடு ஐந்து வருஷம். பள்ளிக்கூட மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்திருக்கிறார்கள். குர்ஆனை முழுசாக ஓதி முடிக்கிற கத்தமுல் குர்ஆன், துஆ, பிறகு பேச்சு. சுனாமி நோயிலிருந்து ஆலோசனையால் மீண்டு வந்த டீச்சர் என்று சொல்லி என்னையும் பேச அழைத்திருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் எல்லாரும் வருவார்கள். நீ அடுப்படியை விட்டு வாசலுக்கு ஓடும்போதெல்லாம் வேலைக்கள்ளி, திமிர் பிடித்தவள் என்று சொல்லிச் சொல்லி உன்னையே அதை நம்பவைத்த உன் மாமியும் வருவார்.

பிள்ளைகளின் வாப்பா இன்றைக்கு அசர் தொழுதுவிட்டு வந்து மெதுவாகக் கேட்டார். "ஆம்புளைகளும் இரிப்பாங்க. அத மட்டும் சொல்லிராத புள்ள. ஓமா?"

நான் ஓம் சொல்லவில்லை.

உனக்கு வாக்குத் தருகிறேன் ராத்தா. நாளைக்கு முதலில் உன் பெயரைச் சொல்லி துஆக் கேட்பேன். பிறகு, ஒலிவாங்கியை விடாமல், உனக்கு இருந்தது திமிர் இல்லை, மாதவிலக்கு நிற்கிற காலம் என்று அந்தச் சொல்லாலேயே சொல்லுவேன். அந்தக் காலத்திலும் அதற்கு மருந்து இருந்தது, பொருந்துமா என்று கேட்க உன்னை ஒருவரும் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போகவில்லை என்றும் சொல்லுவேன். எழும்பிப் போகிறவர்கள் போகட்டும்.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த
உன் தங்கச்சி
ரஹீமா