வேண்டாமென்று சொன்ன கார்

என் எஸ்தருக்கு,

நம் சாமுவேலின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். பெண் பேர் ரூத். களமருதூர்க்காரி, தியாகதுருகத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்த்து இவன் சிரிக்கும்போது கன்னத்தில் உன் குழி அப்படியே விழுகிறது. நீ பார்த்திருக்க வேண்டும்!

அதற்கு முன்னால் நான் விழப் பார்த்த குழியையும் சொல்லிவிடுகிறேன். உன்னிடம் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

கல்யாணம் பேசப் போனபோது ரூத்தின் அப்பா, "மாப்பிள்ளைக்கு ஒரு காரு எடுத்துக் குடுத்துடறோங்க" என்றார். நான் கேட்கவில்லை, எஸ்தர். ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வெள்ளிமலை விடுதியில் பிள்ளைகளுக்குச் சமைக்க இத்தனை வருஷம் மலை பஸ்ஸில் நின்றுகொண்டே போய்வருகிறவன் நான். காய்ச்சலோடு என் மொபெட்டின் பின்னால் நனைந்துகொண்டு நீ ஆஸ்பத்திரிக்கு வந்ததும் கண்முன்னால் வந்து நின்றது.

மறுநாளே கள்ளக்குறிச்சி ஷோரூமுக்குப் போய்விட்டேன். வெள்ளைக் கார். உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்தினால் ரோட்டுச் சத்தமே கேட்கவில்லை. "ஏசி போடட்டுங்களா சார்?" என்றது அங்கிருந்த பெண். சார்! இறங்க மனசே வரவில்லை.

"நமக்கு எதுக்குப்பா இது?" என்றான் கூட வந்திருந்த சாமுவேல்.

"அவங்களா ஆசப்பட்டுக் குடுக்கறாங்க. நாம இன்னா, கேட்டா வாங்கறோம்?" என்றேன். பேச்சு எவ்வளவு அழகாக வந்தது பார்!

அந்த ஞாயிறு சபையில் எல்லாரோடும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். 'எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்' என்ற இடம் வந்ததும் வாய் தானாக நின்றுவிட்டது. இருமிச் சமாளித்தேன். பக்கத்திலிருந்தவர் பாவம், தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

பிறகு கல்யாணத் தேதி பேச நான் மட்டும் களமருதூர் போனேன். சம்பந்தி வெளியே போயிருந்தார். சம்பந்தியம்மா வயலில் இருந்தார். நெல் கதிர் விட்டிருந்தது. இரண்டு பேர் டேப்பைப் பிடித்து நிலத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

"எதுக்குங்க அளக்கறாங்க?"

"விக்கறதுக்குத்தாங்க. இந்த வெளச்சலோட சரி. பரவால்லீங்க, எங்க பொண்ணு நல்லா இருந்தா போதும்." சொல்லிவிட்டு எனக்கு மோர் எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

வரப்பிலேயே நின்றேன். பொய் சொல்ல மாட்டேன், எஸ்தர். கார் போய்விடுமே என்றுதான் முதலில் மனசு வலித்தது. 'ஆண்டவரே, இந்த ஆசையை எடுத்துப்போடும்' என்று கேட்டேன். அவர் எடுக்கவில்லை. ஆசை உள்ளே இருக்கும்போதேதான் வாயைத் திறக்க வேண்டியிருந்தது.

சம்பந்தி வந்ததும் சொன்னேன். "காரு வேணாங்க. நெலத்த விக்காதீங்க."

அவர் முகம் சுருங்கிப்போனது. "எங்களுக்கு வக்கில்லன்னு நெனச்சிக்கினீங்களா? ஒண்ணுமில்லாம பொண்ண அனுப்பிட்டான்னு ஊருல பேச மாட்டாங்களா?"

இதை நான் நினைத்துப்பார்க்கவே இல்லை. கொடுக்க வந்தவரை வேண்டாம் என்று தடுத்தால் அவருக்கும் அவமானம்தானே? சமையல்காரனுக்கு வேறென்ன தோன்றும்? "அப்ப இந்த நெல்லுலயே கல்யாணத்துக்கு அரிசி குடுங்க. நானே ஆக்கறேன். வர்றவங்க எல்லாரும் உங்க நெலத்துச் சோறு சாப்புடட்டுங்க" என்றேன்.

"மாப்பிள்ளையோட அப்பாவா அடுப்புல நிக்கறது?" என்று கேட்டவர் சிரித்துவிட்டார். சிரிப்பு அடங்கவே இல்லை. சம்பந்தியம்மா மோர்ச் சொம்பைப் பிடித்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே அளந்தவர்களுக்குப் போன் போட்டு விற்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அறுவடை முடிந்து கல்யாணம். புது அரிசி, குழைந்துவிடுமே என்று எனக்கு ஒரே பயம். தண்ணீரைக் குறைத்து வைத்தேன். பூப்போல வந்தது! அடுப்படியிலிருந்து நேரே சபைக்கு ஓடினேன். சட்டையெல்லாம் புகையும் வெங்காயமும். ஆயர் மூக்கை உறிஞ்சி, "சீக்கிரம் முடிச்சிடறேன், எனக்கே பசிக்குது" என்றார். பந்தியில் சம்பந்தி இலைக்கு இலை போய், "நம்ம வயலுச் சோறுங்க, இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் நடந்த நடையை நீ பார்க்கவில்லையே!

கார் ஆசை போய்விட்டதா என்று கேட்பாய். இல்லை. ஆனால் இப்போதெல்லாம் நன்றாகத் தூங்குகிறேன்.

நீ ஆண்டவரிடம் போன பிறகு வீட்டில் சாயங்கால ஜெபம் நின்றுபோயிருந்தது. வந்த இரண்டாம் நாளே ரூத், "மாமா, இந்த வூட்ல பாட மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுப் பாட ஆரம்பித்துவிட்டாள். உன்னைப் போல இல்லை, சுருதி எங்கெங்கோ போகிறது. ஆனால் கூச்சமே கிடையாது. சாமுவேல் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூடவே பாடுகிறான். நான் மட்டும் இன்னும் உதட்டை அசைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை முதல் சத்தமாகப் பாடுவேன், எஸ்தர். தெரு கேட்டாலும் பரவாயில்லை.

உன் பிள்ளையின் அப்பா,
இன்றைக்கும் உன் வீட்டுக்காரன்.