ஞாயிறு நாடகமும் பல் டாக்டரும்

நகாட்சுகாவா

அன்புள்ள ரியோஹெய்க்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், அப்பாவின் முழங்கால் வலி மட்டும் குளிரோடு சேர்ந்து வந்துவிட்டது. வான்கூவரில் நீயும் லோர்னாவும் நல்லபடியாக இருக்க வேண்டும், கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் கடிதம் கிடைத்தது. ஞாயிறுதோறும் மாமனாரோடு உட்கார்ந்து நம் பழைய பிரபுக்களின் நாடகம் பார்த்துச் சரித்திரத் தப்புக் கண்டுபிடிக்கிறாயாம், சந்தோஷம். சந்தோஷம் என்று எழுதிவிட்டேனே தவிர வயிறு எரிகிறது, மறைப்பானேன். "அம்மா, உன்னையே மிஞ்சிட்டாரு மனுஷன்" என்று வேறு எழுதியிருக்கிறாய். வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த தொடரில் பிரபுவின் மனைவிக்கு அந்தக் கால வழக்கப்படி பல் கறுப்பாக இருக்கிறதாம், நம் ஞாயிறு நாடகத்தில் பளிச்சென்று வெள்ளையாம், அதனால் அவர்களுடையதுதான் அசல் என்கிறாராம். காலமெல்லாம் பல் பிடுங்கியவர் வேறு எதைப் பார்ப்பார்? அதே தொடரில் வேலைக்காரன் பிரபுவை முகத்துக்கு நேரே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறானே, நிஜத்தில் அவன் தலை கழுத்தில் நின்றிருக்குமா? நம் நாடகத்திலும் அதே தப்பு உண்டு, அது வேறு விஷயம்.

தப்பை முதலில் சொன்னவருக்கு மற்றவர் ஒரு கமலா ஆரஞ்சு தர வேண்டும் என்கிற நம் வீட்டுச் சட்டத்தையும் அவருக்குச் சொல்லிக்கொடுத்து, தோற்றுப்போய் உரித்தும் கொடுத்தாயாம். எனக்கு ஒருநாளாவது உரித்துக் கொடுத்திருக்கிறாயா? போன வாரம் நம் நாடகத்தில் பிரபுவின் மனைவி அந்தக் கால வழக்கப்படி ஒரு காலைக் குத்துக்காலிட்டு உட்காராமல், இந்தக் காலத்துப் பெண்போல இரண்டு முழங்காலையும் மடக்கி உட்கார்ந்தாள். "டேய், காலைப் பாருடா!" என்று கத்திவிட்டேன். கணப்பு மேசையடியில் சூட்டுக்குக் கால் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து, "யாரடி கூப்பிடுற, அவன் இங்கயா இருக்கான்?" என்றார். அதற்குப் பிறகு நாடகத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

உன் மாமனார் டங்கன் நல்லவர்தான். உன்னைப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்கிறார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது கிசோ மலைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? அந்த ஊர்க் குதிரையின் முதுகு என் தோளுக்குத்தான் வந்தது, அந்தக் காலத்தில் பிரபுக்கள் ஏறியதும் இந்த மாதிரிக் குட்டைக் குதிரைதான் என்றார்கள். "அப்போ டிவில பிரபு ஏறிட்டுப் போற பெரிய குதிரையெல்லாம் பொய்யாம்மா?" என்று கேட்டாய். நம் விளையாட்டு தொடங்கியதே அன்றைக்குத்தான். இப்போதும் இரண்டு தொடரிலும் குதிரைகள் ஆளுயரம் நிற்கின்றன, பல் டாக்டர் இன்னும் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

இருவரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக வாழுங்கள். அவருக்கும் என் வணக்கத்தைச் சொல். குதிரை விஷயத்தை மட்டும் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
சுமியே